இன்னும் ஒரு அறை இருக்கு

க்ளிஃப் டெரஸின் கடைசி வீட்டு வாசலில் லோர்னா குடையை மடக்கியபோது மதியச் சாப்பாட்டின் கனம்கூட வயிற்றில் இறங்கவில்லை. அதற்குள் டிசம்பர் வானம் விளக்கு வைக்கும் நேரம்போல மங்கிவிட்டிருந்தது. கீழே கடல் பாறைகளில் மோதிச் சலித்துக்கொண்டிருந்தது. காற்றில் அழுகிய கடற்பாசி வாடையும், முனையிலிருந்த மீன் வறுவல் கடையின் பழைய எண்ணெய் வாடையும் கலந்து வந்தன.

ஒரு காலத்தில் கடல் பார்க்க வருகிறவர்கள் தங்கிய விடுதி அது. இப்போது அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆறு பேர் ஒரே அடுப்பங்கரையையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வீட்டுக்காரர் நகரக் கவுன்சிலிடம் உரிமம் வாங்க வேண்டும். தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா, ஈரம் ஏறுகிறதா, எத்தனை பேர் வசிக்கலாம் என்று நேரில் பார்த்து முடிவு சொல்வது லோர்னாவின் வேலை. முடிவு முதற்கொண்டு எல்லாமே ஒரு மென்பொருளுக்குள் போய்விடும். சென்ற வசந்தத்தில்தான் அது வந்தது. அலுவலகத்தில் அதைச் 'சிஸ்டம்' என்பார்கள். எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும், யார் போக வேண்டும் என்று அதுதான் காலையில் எடுத்துக் கொடுக்கும்.

அன்று காலை அது எடுத்துக் கொடுத்த இந்த வீட்டின் கேஸில், பொறுப்பு அதிகாரி என்ற இடத்தில் 'சி. ஆக்டன்' என்று இருந்தது.

அந்தப் பெயரில் அலுவலகத்தில் யாரும் இல்லை. பழைய கேஸ்களைப் புது மென்பொருளுக்கு மாற்றும்போது ஒட்டிக்கொண்டு வந்த பெயராக இருக்கும் என்று லோர்னா நினைத்தாள். அதை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

மணி அடித்ததும் கதவைத் திறந்தது வில்ஃப். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர். கம்பளிச் செருப்பும், பித்தான் மாற்றிப் போட்ட சட்டையுமாக நின்றார். லோர்னாவின் கழுத்தில் தொங்கிய கவுன்சில் அட்டையைப் பார்த்ததும் இருமிக்கொண்டே முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியுமா? காலைலதானே கண்ணு உங்க ஆளு வந்துட்டுப் போனாரு."

"எங்க ஆளா? யாரு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? ஒசரமா, மெலிசா இருப்பாரு. உன்னை மாதிரியே அட்டை மாட்டியிருப்பாரு. என்ன ஒண்ணு, கோட்டு எப்பவும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும்." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "மழையே பெய்யாத அன்னிக்கும்."

லோர்னா சிரித்து வைத்தாள். தன் அலுவலகத்தில் அப்படி யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் வின்ஸ் டரன்ட் வாசனைத் திரவியம் மணக்க உள்ளே நுழைந்தார்.

"வாங்க மேடம், வாங்க. உங்க கவுன்சில் ஆளுங்களே என் வீட்டைக் காலி பண்ணிட்டு இருக்காங்க, தெரியுமா?"

"புரியல, மிஸ்டர் டரன்ட்."

"ஒரு மாசத்துல ரெண்டு பேர் போயிட்டாங்க. கீத்தும், அந்த லாட்வியாக்காரப் பையன் யானிசும். கவுன்சில் வேற ரூம் குடுத்துடுச்சுன்னு இங்க உள்ளவங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க என்ன எனக்குப் போட்டியா கடை நடத்துறீங்களா?"

"கவுன்சில்கிட்ட குடுக்கறதுக்கு ரூமே இல்ல. வீடு கேட்டுக் காத்திருக்கிறவங்களே ஊரு பூரா இருக்காங்க."

"அதைத்தான் நானும் கேட்கறேன்" என்றார் வின்ஸ்.

இரண்டாம் மாடியில் கீத்தின் அறையைத் திறந்து காட்டினார். மேசைமேல் பாதி குடித்த தேநீர் ஏடு கட்டிக் கிடந்தது. கட்டிலடியில் பூட்ஸ். கதவுக்குப் பின்னால் கனத்த குளிர்கோட்டு. யானிசின் அறையிலும் அப்படியேதான். காலணி இருந்தது, கோட்டு இருந்தது, ஆள் மட்டும் இல்லை.

இந்தக் குளிரில் கோட்டில்லாமல் தெருமுனைவரைகூட ஒருவன் போகமாட்டான்.

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். வளர்ந்த ஆம்பளைங்க, எங்க வேணா போவாங்கன்னு சொல்லிட்டான்."

லோர்னா டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். தீத்தடுப்புக் கதவுகள் எதுவும் ஒழுங்காகச் சாத்தவில்லை. சுவரில் கறுப்புப் பூசணம் படர்ந்திருந்தது. மாடிப்படி இரண்டாம் மாடியோடு முடிந்தது. அதற்குமேல் ரோஜாப்பூக் காகிதம் ஒட்டிய வெறும் சுவர்தான். அங்கே நின்றபோது ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளியும் புதினா மிட்டாயும் கலந்த வாடை.

சுவருக்குப் பின்னால் ஏதோ ஒலித்தது.

பீப்.

புகை அலாரத்தின் பொத்தானை யாரோ அழுத்திச் சோதித்துப் பார்த்தால் வரும் ஒலி. லோர்னா தினமும் செய்கிற காரியம். கனவில் கேட்டாலும் அவளுக்கு அந்த ஒலி தெரியும்.

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஓடுதான். வேற என்ன?" வின்ஸ் ஏணியைப் போட்டு, கூரைத் திறப்பைத் தள்ளிக் காட்டினார். லோர்னா ஏறி விளக்கடித்தாள். உத்திரங்களும் ஒட்டடையும் கடற்காகத்தின் பழைய கூடும் தெரிந்தன. நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லை.

ஆனால் அந்த இடத்தில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் சூடு.

கீழே அடுப்பங்கரையில் ஒரு பெண் பீன்ஸ் சூப் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பல்கேரியாவிலிருந்து வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஸ்னெஜானா. மீன் வாடை போக எலுமிச்சை தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. லோர்னாவைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"மேடம், எனக்கு ரூம் எப்போ தருவீங்க? அந்த சாரு சொன்னாரு, அடுத்து என் முறைதான்னு."

"எந்த சாரு?"

"உங்க சாருதான். ரொம்ப மரியாதையான மனுஷன். என் ரூமை வந்து பார்த்தாரு. சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு அழுதாரு, மேடம். 'இதுல மனுஷங்க இருக்கக்கூடாதும்மா, மேல இன்னும் ஒரு அறை இருக்கு'ன்னாரு. ஜன்னல்ல கடல் தெரியுமாம். ஈரமே கிடையாதாம். என் பொண்ணு ராயா ஊர்ல அக்கா வீட்டுல இருக்கா. ஏழு வயசு. சரியான ரூம் கிடைச்சா கூட்டிட்டு வந்துடலாம்."

லோர்னா அவள் அருகே நெருங்கினாள்.

"ஸ்னெஜானா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ஆளு கூப்பிட்டா போகாதீங்க."

"ஏன்?"

"இந்த வீட்டுக்கு மேல ரூமே இல்ல."

அவள் லோர்னாவை நிதானமாகப் பார்த்தாள். கோபமில்லை. களைப்புதான் தெரிந்தது.

"சரி. நீங்க ஒரு ரூம் தருவீங்களா?"

லோர்னா டேப்லெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்தக் கேஸைத் திறந்ததும் லோர்னாவுக்குத் திக்கென்றது. வசிக்கக்கூடியவர்கள் ஆறு பேர் என்று அவள் பதிந்து வந்த இடத்தில் எட்டு என்று இருந்தது. பொறுப்பு அதிகாரியாக மறுபடி சி. ஆக்டன். அதன் கீழே குறிப்பு.

'கீத். அறை ஒதுக்கப்பட்டது. உலர்ந்தது. சூடானது.'

'யானிஸ். அறை ஒதுக்கப்பட்டது. உலர்ந்தது. சூடானது.'

எட்டை ஆறாக்கிச் சேமித்தாள். கண் இமைக்கும் நேரத்தில் அது மறுபடி எட்டானது.

"பெவ், இங்க கொஞ்சம் வாயேன்."

பெவர்லிதான் அந்தப் பிரிவின் மேலாளர். வாய் ஓயாமல் கேலி பேசுகிறவள். கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து, "என்ன, சிஸ்டம் உன்னைக் கடிச்சிருச்சா?" என்று குனிந்தாள். திரையைப் பார்த்தவளின் முகம் சுண்டிப்போனது. கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தாள்.

"யாரு விளையாடுறது இது?"

"யாரு இந்த ஆக்டன்?"

"க்ளெம். க்ளெமென்ட் ஆக்டன். நீ சேர்றதுக்கு முன்னாடியே செத்துட்டார்." பெவ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இந்த சிஸ்டம் வந்ததே போன வசந்தத்துல. அவர் இதுல ஒரு எழுத்துகூட அடிச்சதில்ல லோர்னா. அவருக்கு இதுல கணக்கே கிடையாது."

லோர்னா நேற்றுக் கேட்டதையெல்லாம் சொன்னாள். மெலிந்த ஆள், மிட்டாய் வாடை, நனைந்த கோட்டு. பெவ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

துறைமுகத் தெருவில் ஒரு வீடு. தீப்பிடித்தால் ஒருவரும் தப்ப முடியாது. க்ளெம் உரிமம் மறுத்தார். யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள். வீட்டுக்காரன் அன்றைக்கே எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டான். கொட்டுகிற மழை. அண்ணன் தம்பி இருவர் போக இடமில்லாமல் ஒரு வேனுக்குள் படுத்தார்கள். குளிருக்குக் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"காலைல க்ளெம்தான் கதவைத் திறந்தார். ரெண்டு பேருக்கும் உயிரில்ல. அவங்களைத் தேடி ராத்திரி பூரா மழையில அலைஞ்சிருக்கார். அதுக்கப்புறம் மனுஷன் மனுஷனா இல்ல. யாரைப் பார்த்தாலும், 'இன்னும் ஒரு அறை இருக்கு, இருக்கணும்'னு முணுமுணுப்பார். ஒருநாள் அந்த மூலையில, இப்போ அச்சு இயந்திரம் நிக்குதே, அங்க உட்கார்ந்த மேனிக்கே போய்ச் சேர்ந்துட்டார்."

இருவரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். வெறும் மூலைதான்.

"இப்போ நான் என்ன செய்யட்டும் பெவ்? அந்த வீட்டுக்கு லைசன்ஸ் குடுக்கவே முடியாது. கதவு ஒண்ணும் சாத்தல."

"மறுத்தா வின்ஸ் நாளைக்கே எல்லாரையும் தெருவுல விடுவான். கிறிஸ்துமஸ்னுகூடப் பார்க்கமாட்டான்."

"குடுத்தா?"

பெவ் குனிந்து தரையிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் முழுவதும் லோர்னா அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். 'வழங்கு', 'மறு' என்று இரண்டு பொத்தான்கள். விரல் எதன்மேலும் போகவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சக ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் 'மறு' என்பதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். இன்னும் அழுத்தவில்லை.

குறிப்புப் பகுதியில் புதிதாக ஒரு வரி வந்தது.

'வில்ஃப். அறை ஒதுக்கப்பட்டது. உலர்ந்தது. சூடானது.'

எட்டு ஒன்பதானது.

அதற்கடியில் இன்னொரு வரி தொடங்கியது. இந்த முறை எழுத்தெழுத்தாக. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிற வயதானவர் ஒருவர் அடிப்பதைப்போல.

ஸ்.

ஸ்னெ.

லோர்னா ஓடினாள்.

காரை எப்படி ஓட்டினாள், எந்த விளக்கில் நின்றாள் என்று பிறகு அவளுக்கு நினைவே இல்லை. க்ளிஃப் டெரஸ் வீட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே எல்லா மாடிகளிலும் புகை அலாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருந்தன. ஒன்று நின்றதும் அடுத்தது. யாரோ அறை அறையாக நடந்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே மேலே போவதுபோல.

அடுப்பங்கரை மேசையில் வில்ஃபின் மூக்குக்கண்ணாடி மடித்தபடி இருந்தது.

"ஸ்னெஜானா!"

பதில் இல்லை. முதல் மாடி. இரண்டாம் மாடி.

படி அங்கே முடியவில்லை.

ரோஜாப்பூக் காகிதம் ஒட்டிய சுவர் இருந்த இடத்தில் இன்னொரு படிக்கட்டு ஏறிப் போனது. புதிதாகச் சாயம் பூசிய கைப்பிடி. மேலே மஞ்சள் வெளிச்சம். வீட்டில் எங்குமில்லாத கதகதப்பு அங்கிருந்து வழிந்து வந்தது. தட்டுகள் உரசும் சத்தமும், நாற்காலி இழுக்கும் சத்தமும், பலர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் சத்தமும் கேட்டன. நடுவில் வில்ஃபின் அதே இருமல்.

"வா கண்ணு, வா. மேல நல்லா சூடா இருக்கு."

நான்கைந்து படி ஏறிய நிலையில் ஸ்னெஜானா நின்றிருந்தாள். வெறுங்கால். தோளில் ஒரு பை. லோர்னா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் பிடித்தாற்போல இருந்தது.

"இறங்கு. இறங்கி வா."

"ராயாவுக்குக் கட்டில்கூடப் போட்டிருக்காங்க மேடம்" என்றாள் அவள், திரும்பாமலே. "இங்கிருந்தே தெரியுது."

அவளுக்கு மேலே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உயரமாக. மெலிந்து. கோட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் படி நனையவில்லை.

"க்ளெம்" என்றாள் லோர்னா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "மிஸ்டர் ஆக்டன். அவளை விட்டுடுங்க."

"இவங்களுக்குப் போக இடமில்ல." ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். பயமுறுத்தும் குரல் அல்ல. வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகமுடியாத ஒரு மனிதரின் குரல். "நீங்க மறுக்கப் போறீங்க. நானும் மறுத்தேன். சட்டப்படி சரிதான். ஆனா வெளிய குளிருதே."

லோர்னா பிடித்திருந்த கை, பிடி நழுவி மேலே போனது. ஸ்னெஜானா இன்னொரு படி ஏறிவிட்டாள்.

"இடம் இருக்கு!" லோர்னா கத்தினாள். "இவளுக்கு இடம் இருக்கு. என் வீட்டுல. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு!"

மேலே தட்டுகளின் சத்தம் நின்றது. நாற்காலிகள் நின்றன. பேச்சு நின்றது. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல ஒரு நிசப்தம்.

அவர் திரும்பினார்.

சாதாரண முகம்தான். சவரம் செய்யாத, தூக்கமில்லாத, அலுவலகத்தில் எங்கே பார்த்தாலும் மறந்துபோகக்கூடிய முகம். கண்களிலிருந்து மட்டும் மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"உலர்ந்த அறையா?"

"ஆமா."

"சூடா இருக்குமா?"

"இருக்கும். சத்தியமா இருக்கும்."

"விலாசம்?"

லோர்னா சொல்லிவிட்டாள். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம். ஒவ்வொரு சொல்லையும் அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். எங்கோ பதிந்துகொள்கிறவரைப்போல.

வெளிச்சம் அணைந்தது.

லோர்னாவின் நெற்றி சுவரில் மோதியது. கன்னத்தில் பழைய காகிதத்தின் ஈரம் ஒட்டியது. அவள் காலடியில் ஸ்னெஜானா சுருண்டு உட்கார்ந்து, பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு கிழவரின் இருமல் கேட்டு ஓய்ந்தது.

வில்ஃபைப் போலீசார் தேடினார்கள். சுவரைக்கூட இடித்துப் பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் செங்கல். செங்கலுக்குப் பின்னால் கடற்காற்று. லோர்னா உரிமத்தை மறுத்தாள். வீட்டின் கதவு ஜன்னல்களைப் பலகை அடித்து மூடினார்கள். மீதியிருந்த இரண்டு பேருக்கும் அலைந்து திரிந்து பெவ் எங்கெங்கோ இடம் பிடித்துக் கொடுத்தாள். வின்ஸ் பக்கத்து ஊரில் வேறு வீடு வாங்கிவிட்டதாகப் பேச்சு.

நடந்ததை முழுவதுமாகப் பெவ்விடம் மட்டும்தான் லோர்னா சொன்னாள். கடைசிப் பகுதியைக் கேட்டதும் பெவ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விலாசத்தையா குடுத்தே?"

"வேற வழி தெரியல பெவ்."

"நகையைக் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருக்கலாம்டி. விலாசத்தைப் போயி..." அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை. மென்பொருளைப் பராமரிக்கிறவர்களைக் கூப்பிட்டு, பழைய கேஸ்களிலெல்லாம் ஆக்டன் என்ற பெயரைத் தேடித் தேடி அழிக்கச் செய்தாள். அவர்களும் அழித்தார்கள். அதன்பிறகு அது எங்கும் தலைகாட்டவில்லை.

ஸ்னெஜானா லோர்னாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். கணவனைப் பிரிந்தபிறகு லோர்னா அந்த வீட்டில் தொலைக்காட்சியோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது மிளகாய் வாட்டும் நெடியும், பல்கேரியப் பாட்டும், குளியலறைச் சண்டையும் வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளில் 'மேடம்' போய் 'லோர்னா' ஆனது. பிப்ரவரியில் ராயா வந்தாள். முன்பல் இரண்டும் விழுந்த, ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை. விமான நிலையத்திலேயே லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டவள், பிறகு விடவே இல்லை. லோர்னா சிரிக்கிற சத்தம் இப்போதெல்லாம் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

சில நாள்களில் வீட்டுக்குள் நனைந்த கம்பளி வாடை லேசாக வரும். மழைக்காலம், துணி காயவில்லை என்று சொல்லிக்கொள்வாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள். குளிர் விட்டு, மதியத்தில் லேசாக வெயில்கூட அடித்தது. லோர்னா மேசையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அன்றைய கேஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

விலாசத்தைப் படித்தாள். திரும்பப் படித்தாள்.

அவளுடைய விலாசம்.

பொறுப்பு அதிகாரி: சி. ஆக்டன்.

நேரில் பார்வையிட்டது: முடிந்தது.

வீட்டுக்குத் தொலைபேசி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெவ் பின்னாலிருந்து ஏதோ கேட்டாள். பதில் சொல்ல நிற்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கதகதப்பு முகத்தில் அடித்தது. அடுப்பங்கரையில் ஸ்னெஜானா முதுகைக் காட்டியபடி நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில் பாடிக்கொண்டும் இருந்தாள். லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏன் ஃபோனை எடுக்கல? நான் பயந்தே போயிட்டேன்."

"அடிச்சுதா? கேட்கவே இல்லையே."

"யாராவது வந்தாங்களா?"

ஸ்னெஜானா கிளறுவதை நிறுத்தவில்லை. அவள் குரலில் தூக்கத்தில் பேசுகிறவளின் நிதானம் இருந்தது.

"வந்தாரே. வீட்டைச் சுத்திப் பார்த்தாரு. ரொம்ப சந்தோஷம்னாரு. மூணு பேருக்கு இது கொஞ்சம் நெருக்கம்தான்னாரு."

லோர்னா கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ராயா எங்க?"

"மேல விளையாடிக்கிட்டிருக்கா" என்றாள் ஸ்னெஜானா.

லோர்னா மெல்லத் தலையை உயர்த்தினாள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. தட்டையான கூரை, அதற்குமேல் வானம், அவ்வளவுதான்.

கூரைக்கு மேலே ஒரு குழந்தையின் கால்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதூகலமாக ஓடின.